பவுலினாவின் எட்டு நாள் விடுப்பு

இடது கையில் டீ டம்ளர், வலது கைக் கட்டைவிரல் கைபேசியின் மேல். "இரு, எடுத்துட்டன்," என்று பவுலினா முணுமுணுக்கிறார். யாரிடம் பேசுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பதில்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது. ஒசூர் சிப்காட்டில் காலை டீ நேரம் பத்தே நிமிடம். அதற்குள் கெலமங்கலத்தில் ஒரு லேத்தும் அத்திப்பள்ளியில் ஒரு மில்லிங் மிஷினும் ஊர் பெயர் போடாத ஒருவரின் கம்ப்ரஸரும் நின்றுபோயிருக்கின்றன. மூவருக்கும் ஒவ்வொரு பழைய பதிவின் இணைப்பு, கூடவே தன் கையால் இரண்டு வரி. அனுப்பி முடித்துவிட்டு டீயைப் பார்க்கிறார். மேலே ஆடை படிந்திருக்கிறது. ஆடையோடு சேர்த்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு எழுந்துகொள்கிறார்.

வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் எலத்தகிரி. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் டூல் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறார். கம்பி போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் நானூற்றுச் சொச்சம் டப்பாக்கள், நடுவில் பவுலினா. கொண்டையில் இரண்டு பேனா செருகியிருக்கும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மேசையில் மூன்றாவது பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார். வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஆள் தெலுங்கில் கேட்பான், அத்திப்பள்ளிக்காரன் கன்னடத்தில் கேட்பான், மத்தூர்க்காரன் தமிழில் கேட்பான். ஜன்னலுக்கு முன்னால் நின்று எந்த மொழியில் கெஞ்சினாலும் அதே மொழியில் திட்டு வாங்கிக்கொள்ளலாம். திட்டி முடிப்பதற்குள் கேட்ட சாமான் கைக்கு வந்திருக்கும்.

அது சம்பளத்துக்குச் செய்யும் வேலை. சம்பளமில்லாத வேலை ஒன்றும் உண்டு. 'பட்டறைப் பேச்சு' என்று ஓர் இணைய மன்றம். பதிமூன்று வருடங்களுக்கு முன்னால் டிப்ளமோ முடித்துப் பயிற்சிக்கு வந்த இளம்பரிதி விளையாட்டாகத் தொடங்கியது. மிஷின் ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள், சொந்தமாக ஒரு லேத் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் வந்து சந்தேகம் கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் எங்கோ அடியில் போய்விடுகிறது, மன்றத்தில் போட்டது போட்ட இடத்தில் கிடக்கும் என்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது. முப்பத்தெட்டாயிரம் பதிவுகள். இளம்பரிதி இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் வேலைக்குப் போகிறார். மன்றத்தைக் கழுவித் துடைத்து வைப்பது இன்றும் அவர்தான்.

போட்டது போட்ட இடத்தில் கிடக்கும் என்றேனா, எந்த இடம் என்பதுதான் கஷ்டம். மன்றத்தின் தலையில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. மன்றத்தோடு இலவசமாக வந்தது. அதில் 'மோட்டார்' என்று போட்டால் தொள்ளாயிரம் பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டும். சரி, தலைப்பைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றால், நம் ஆட்கள் வைக்கிற தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: 'சார் அர்ஜென்ட்'. கொஞ்சம் நிதானமானவர்கள் 'சார் ரொம்ப அர்ஜென்ட்' என்று வைப்பார்கள். போதாக்குறைக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆறு பேர் சேர்ந்தாற்போல் தேடினால் மன்றமே மூச்சுவிடாமல் நின்றுவிடும். அதனால் அந்தப் பெட்டியை யாரும் தொடுவதில்லை. "அக்கா, இத கொஞ்சம் பாருங்க," என்று போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள்.

பவுலினா எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பது பலருக்குப் புதிர். ஒரு புதிரும் இல்லை. அவருக்குப் பழுது ஞாபகம் இருப்பதில்லை, ஆள் ஞாபகம் இருக்கும். "அது தேர்த் திருவிழா முடிஞ்ச வாரம். அந்தப் பையன் காய்ச்சலோட வந்து போட்டான்." "மாங்கா சீசன்ல, தோட்டத்துக்கு லீவு போட்டுட்டுத் திரும்பி வந்த அன்னிக்கு மிஷின் மக்கர் பண்ணுச்சே, அந்த முனிவேலு." ஆளைப் பிடித்தால் மாதம் வரும், மாதத்தைப் பிடித்தால் பதிவு வரும். பழுது தானாகப் பின்னால் வரும்.

இவ்வளவு ஆள் விவரம் எங்கிருந்து கிடைக்கிறது? இந்தப் பக்கத்து மரியாதையிலிருந்து. உதவி செய்தவருக்கு எழுத்தில் நன்றி சொல்லிவிட்டுப் போவதை இவர்கள் அரைகுறை என்று நினைக்கிறார்கள். வாயால் சொல்லவேண்டும். மிஷின் ஓடத் தொடங்கிய கையோடு போன் வரும். "அக்கா, ஆச்சு. என்னா பண்ணன்னா..." என்று தொடங்கி, எந்த நட்டைக் கழற்றினேன், எதை மாட்டினேன், மேஸ்திரி மூஞ்சி எப்படிப் போனது, பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது வரை சொல்வார்கள். பவுலினா மதியச் சாப்பாட்டுக் களியை உருட்டிக்கொண்டே "ம்... ம்..." என்று கேட்பார். அந்தப் போன்கள் அவருக்கு மிகவும் பிடிக்கும். ஒருநாள் ஒன்றும் வரவில்லையென்றால் முகம் சற்று வாடித்தான் இருக்கும்.

கணவர் ஆனந்தராஜ் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு, அது ஒகேனக்கல்லில் வந்தது. பரிசலில் போய்க்கொண்டிருக்கும்போது, அருவிச் சாரலில் நனைந்துகொண்டே பவுலினா ஒருவருக்கு, லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடையை எப்படி மாற்றுவது என்று எழுதிக்கொண்டிருந்தார். பரிசல்காரர் ஒரு சுற்று சுற்றிக் காட்டி, "அக்கா, இந்தப் பக்கம் பாருங்க," என்று கெஞ்சினார். அக்கா பார்க்கவில்லை. கரைக்கு வந்ததும் ஆனந்தராஜ் ஒரு மீன் வறுவலைத் தனியாகத் தின்றார்.

பவுலினா இதுவரை கடலைப் பார்த்ததில்லை. வேளாங்கண்ணிக்கு இரண்டு முறை ஏற்பாடு ஆகி இரண்டு முறையும் நின்றுபோனது. கம்பெனியில் ஆடிட் என்று ஒரு முறை, மன்றம் படுத்துவிட்டது என்று ஒரு முறை. இந்த வருடம் ஆனந்தராஜ் தானே டிக்கெட் எடுத்து, தானே லாட்ஜுக்குச் சொல்லிவிட்டு வந்து நின்றார். "எட்டு நாளு. போனு என் பாக்கெட்ல இருக்கும். சம்மதம்னா சொல்லு, இல்லன்னா நான் மட்டும் போயி மொட்ட போட்டுகினு வரன்." பவுலினா கொஞ்ச நேரம் பேனாவைக் கொண்டையிலிருந்து எடுத்தார், செருகினார். "சம்மதம்," என்றார். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று அவருக்கே தெரிந்தது.

மன்றத்தில் இரண்டு வரியில் அறிவித்தார். நூற்றுப்பத்துப் பேர் பதில் எழுதினார்கள். வாழ்த்து ஒரு வரி, புலம்பல் ஒன்பது வரி. முனிவேல் எழுதியதை அவர் மூன்று முறை படித்தார்: "நல்லா போய்ட்டு வாங்க அக்கா. அந்த எட்டு நாள் மிஷின் நின்னா நாங்க என்னா பண்றது?" அன்று முதல் பவுலினாவுக்குத் தூக்கம் அரைத் தூக்கம்தான். போகாமல் இருக்கவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. டிக்கெட்டை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் இளம்பரிதி ஒரு யோசனையோடு வந்தார். காசு கட்டினால் வெளியிலிருந்து ஒரு தேடும் வசதியை வாங்கி மன்றத்தில் பொருத்தலாம். முதல் மாதம் இலவசம். "அக்கா, நம்ம பழைய பொட்டி ஒவ்வொரு தடவையும் பரண்ல இருக்கறது மொத்தத்தையும் கீழ எறக்கி ஒண்ணொண்ணா பாக்குது. அதான் மூச்சு வாங்குது. புதுசு, எது எங்க இருக்குதுன்னு முன்னாடியே குறிச்சு வச்சுக்கும்."

"நம்ம ஸ்டோர்ஸ் அட்ட மாதிரி," என்றார் பவுலினா. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் அட்டை தொங்கவிட்டிருப்பவர் அல்லவா.

எதிர்த்தவர் திம்மப்பன். பாகலூர் ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், மன்றத்தின் முதல் ஐந்து பேரில் ஒருவர், தன் கண்ணெதிரே எதையும் புதிதாக வாங்க விடாதவர். "தேடறதுக்குமா மாசாமாசம் வாடக? கூட வந்த பொட்டி சும்மா கெடக்குது. அத ரிப்பேர் பண்ணுடா. மிஷின் மக்கர் பண்ணா புது மிஷினா வாங்கறோம்?" என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பட்டறையிலேயே கூடிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. பழைய பெட்டி, புதிய பெட்டி, பவுலினா, மூவருக்கும் ஒரே கேள்வி. பிரியாணி திம்மப்பன் செலவு. அந்தச் செலவை மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

சர்ச்சில் பூசை முடிந்து பவுலினா நேராகப் பட்டறைக்கு வந்தபோது இருபது பேர் லேத்துகளின் மேல் சாய்ந்துகொண்டு காத்திருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதில் கணினித் திரை விழும்படி இளம்பரிதி ஏற்பாடு செய்திருந்தார். முதல் கேள்வியைத் திம்மப்பன் கொடுத்தார்: "மோட்டார் ஓடுது, கூலன்ட் வரல." மிஷினில் இரும்பு வெட்டும் இடம் சூடாகாமல் இருக்கப் பால் நிறத்தில் ஒரு தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும், அதுதான் கூலன்ட். அது நின்றால் வேலை நின்றது.

பழைய பெட்டி யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. பவுலினா கண்ணை மூடி, "முனிவேலு... மாங்கா சீசன்..." என்று தொடங்குவதற்குள் புதிய பெட்டி முனிவேலின் பதிவை வேட்டியின் மேல் போட்டுவிட்டது. அவரைவிட வேகம். எல்லோரும் பவுலினாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது உண்மைதான். ஆனால் அதற்கும் மேலே, காது ஓரத்தில் அலைச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. "ஆச்சு, நான் கெளம்பலாம்," என்றார்.

"இரும்மா," என்றார் திம்மப்பன். "பதில் என்னான்னு பாக்கலாம்."

இளம்பரிதி பதிவைத் திறந்தார். முனிவேலின் கேள்வி. நான்கைந்து பேரின் யூகங்கள். ஒருவர் மோட்டாரை மாற்றச் சொன்னார், ஒருவர் மேஸ்திரியை மாற்றச் சொன்னார். கடைசியில் முனிவேல்: "ஆச்சு அக்கா. போன்ல சொல்றன்."

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அடுத்த கேள்வி, அடுத்த பதிவு. புதிய பெட்டி கண் சிமிட்டுவதற்குள் கொண்டுவந்தது. கடைசி வரி: "சரியாயிடுச்சு அக்கா, மத்தியானம் கூப்பிடறன்." மூன்றாவதும் அப்படியே. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு பட்டறையே சிரித்தது. இருபது ஆம்பிளைகள் எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பதிமூன்று வருடமாக மரியாதையாகப் பதிலையெல்லாம் வாயால் ஒரே ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இணைப்போடு பவுலினா அனுப்பும் அந்த இரண்டு வரிதான் மருந்து, மன்றத்தில் இருப்பது வெறும் சீசா. காசு கொடுத்துத் தேடினாலும் இலவசமாகத் தேடினாலும் எழுதாததை எந்தப் பெட்டி எடுத்துக் கொடுக்கும்?

பவுலினா மட்டும் சிரிக்கவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ரயிலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மறுநாள் டீ நேரத்திலிருந்து போன் திசை மாறிவிட்டது. வழக்கமாக அவர்கள் கூப்பிடுவார்கள், இப்போது அவர் கூப்பிட்டார். யார் யார் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று ஒரு நோட்டில் பட்டியல் போட்டிருந்தார், இருநூற்றுப் பதினொரு பேர். "உன் பதிவுல போயி, என்னா பண்ணி சரி பண்ணன்னு நாலு வரி எழுது. ஆச்சுன்னு ஆரம்பி. தலைப்புல அர்ஜென்ட எடுத்துட்டு, மிஷினுக்கு என்னான்னு போடு."

"அக்கா, ஆறு வருசமாச்சு. மறந்துட்டன்."

"நான் மறக்கல. அன்னிக்கு உங்க ஊட்ல பசு கன்னு போட்டுச்சு. பெல்ட்டு தளர்ந்து கெடந்துச்சுன்னு சொன்ன. ரெண்டு வாஷர் போட்டு இறுக்கனன்னு சொன்ன."

"அப்ப நீங்களே எழுதிடுங்களேன்."

"உன் பேருல இருக்கணும். எவனுக்காவது சந்தேகம் வந்தா உன்னத்தான கேப்பான். நான் கடல்ல இருப்பன்."

எழுதினார்கள். மன்றத்தில் அந்தப் பன்னிரண்டு நாளும் திருவிழாக் கூட்டம். பழைய பழுதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து 'ஆச்சு' என்று சொல்லிவிட்டுப் போனது. அதைப் படிக்க ஆட்கள், கிண்டல் செய்ய ஆட்கள், கன்னடத்தில் எழுதியவருக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆட்கள். இளம்பரிதியும் சும்மா இருக்கவில்லை. பழைய பெட்டி இனி பரண் முழுவதையும் இறக்கவேண்டாம், தலைப்பையும் 'ஆச்சு' என்று தொடங்கும் பதிலையும் மட்டும் பார்த்தால் போதும் என்று மாற்றிவிட்டார். அதற்கு மூச்சு வாங்குவது நின்றது. புதியதா பழையதா என்பதை அக்கா திரும்பி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், அதுவரை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

பட்டியலில் கடைசியாக அடிக்காமல் நின்றது ஒரு பெயர். கிளம்புவதற்கு முந்திய நாள் மாலை பவுலினா பாகலூர் ரோட்டுக்கு நேரில் போனார். அவரைப் பார்த்ததும் திம்மப்பன் லேத்தை நிறுத்தினார்.

"அத எழுதணுமா?" என்றார்.

"எழுதணும் அண்ணா."

"நீ யாருகிட்டயும் சொல்லலயே?"

"ஏழு வருசமா சொல்லல. எங்க ஊட்டுக்காரருகிட்ட கூட சொல்லல. ஆனா அந்த மாதிரி இன்னும் நாலு பேருக்கு ஆவும். வெளிய சொல்ல வெக்கப்பட்டுகினு மிஷின புடுங்கிப் போட்டுகினு ஒக்காந்திருப்பாங்க."

திம்மப்பன் கண்ணாடியைத் துடைத்தார். நன்றாகவே துடைத்தார். பிறகு பவுலினாவின் எதிரிலேயே ஒற்றை விரலால் எழுதினார்: "ஆச்சு. ரெண்டு நாள் மிஷின் ஸ்டார்ட் ஆகல. மூணு மெக்கானிக் வந்தாங்க. அவசரத்துக்கு நிறுத்துற செவப்பு பட்டன் மேல என் சாப்பாட்டுப் பையை மாட்டி வச்சிருந்தேன். பையை எடுத்தேன், பட்டனைத் திருகி விட்டேன். ஓடிச்சு." பவுலினா பஸ் ஏறுவதற்குள் எழுபது பேர் சிரித்திருந்தார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் கோவையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன். எங்க மிஷினும் இப்ப ஓடுது."

வேளாங்கண்ணியில் முதல் நாள் கடலைப் பார்த்ததும் பவுலினா சொன்ன வார்த்தை, "இவ்ளோ தண்ணி எதுக்கு?" என்பதுதான். அதன் பிறகு கரையை விட்டு அவரை எழுப்புவது ஆனந்தராஜுக்குப் பெரும்பாடாகிவிட்டது. அலை வரும்போது புடவையைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும், போகும்போது துரத்துவதுமாக நாற்பத்தாறு வயதை மறந்துவிட்டார். மூன்றாம் நாள் மதியம் முழங்கால் வரை மணலோடு லாட்ஜுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை.

லாட்ஜைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்செல்வி மோட்டார் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "தொட்டி கழுவிட்டு இப்பத்தாங்க போட்டேன். மோட்டார் ஓடுது, தண்ணிதான் ஏறல. மெக்கானிக் சாயங்காலம்தான் வருவாராம்."

பவுலினா கணவரை நோக்கிக் கையை நீட்டினார். ஆனந்தராஜ் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "பவுலி, வாக்கு குடுத்துக்கீற."

"ஒரே நிமிசம்."

அவர் முகம் தொங்கிப்போனது. விடுப்பு மூன்று நாளில் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே கொடுத்தார். திரையில் அறுபத்துநான்கு செய்திகள் சிவப்பாக நின்றன. பவுலினா அதைத் தொடவில்லை. மன்றத்தைத் திறந்து பழைய பெட்டியில் 'மோட்டார் ஓடுது, வரல' என்று போட்டார். பிறகு அதையே புதிய பெட்டியில் போட்டார். பழையது ஒரு மூச்சு எடுத்துக்கொண்டது, புதியது அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் முதலில் வந்து நின்றவன் முனிவேல். பவுலினா சத்தமாகப் படித்தார்: "ஆச்சு. பம்ப் உள்ள காத்து அடைச்சிருந்தது. மேல இருக்கற நட்ட ரெண்டு சுத்து தளர்த்தி, ஒரு சொம்பு ஊத்தி, குமிழி நின்னதும் இறுக்கனன்."

ஆனந்தராஜ் தமிழ்செல்வியிடம் ஸ்பேனர் வாங்கி அப்படியே செய்தார். மோட்டாரைப் போட்டதும் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "காத்து அடச்சிருக்குதுன்னு இத கூடவா உனக்குத் தெரியாது?"

"தெரியும். பொட்டிக்குத் தெரியுதான்னு பாத்தன்."

சொல்லிவிட்டு, கைபேசியை அவர் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிவிட்டு, கால் மணலைக் கழுவாமலேயே பவுலினா கடல் பக்கம் நடந்தார்.